அணுவைக் கேட்காத சமன்பாடு

மின்கடத்தாப் பொருள்களின் கதை – 9

லண்டனிலிருந்து வெளிவந்த ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ என்ற அறிவியல் இதழின் 40ஆம் தொகுதி, 1949ஆம் ஆண்டு. அதன் 1019ஆம் பக்கத்தில் ஒரு கட்டுரை தொடங்குகிறது. பேரியம் டைட்டனேட் படிகத்தைக் குளிரவைத்துக்கொண்டே போனால் அதன் வடிவம் எந்தெந்த வெப்பநிலையில் எப்படி மாறுகிறது என்று அளந்து எழுதியவர்கள் கே, வவுஸ்டன் என்ற இருவர். அதை அடுத்து 1040ஆம் பக்கத்தில் இன்னொரு கட்டுரை. பொருளும் அதே பேரியம் டைட்டனேட்தான். எழுதியவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஏ. எஃப். டெவன்ஷயர். அவர் எந்தப் படிகத்தையும் குளிரவைக்கவில்லை. ஒரு சமன்பாட்டை எழுதி, அதிலிருந்த ஒரே ஓர் எண்ணை வெப்பநிலையோடு மாறவிட்டார். முந்தைய கட்டுரையில் அளந்திருந்த மூன்று மாற்றங்களும் அதே வரிசையில் சமன்பாட்டிலிருந்து வந்து விழுந்தன.

ஃபெர்ரோஎலக்ட்ரிக் பீங்கான்களைக் கணக்கில் பிடிக்கும் முயற்சிக்கு அடித்தளம் அந்தக் கட்டுரைதான். அதில் ஒரு வியப்பும் இருக்கிறது. படிகத்தின் கதையைச் சொல்கிற அந்தச் சமன்பாட்டில் அணு என்ற ஒன்றே இல்லை.

சென்ற இதழில் ரோஷல் உப்பின் கதையைப் பார்த்தோம். 1920இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வாலசெக் அந்த உப்பில் ஒரு விந்தையைக் கண்டார். இரும்பு தனக்குள் காந்தத்தன்மையை வைத்திருப்பதுபோல் இந்தப் படிகம் மின்முனைவைத் தனக்குள் வைத்திருந்தது. வெளியிலிருந்து மின்புலம் கொடுத்தால் அந்த முனைவு திசை திரும்பியது. மின்புலத்தை எடுத்த பிறகும் திரும்பிய திசையிலேயே நின்றது. இரும்பு இல்லாத பொருளுக்கு ‘ஃபெர்ரோ’ என்ற முன்னொட்டு வந்தது இந்த ஒப்புமையால்தான். ஆனால் ரோஷல் உப்பை வைத்துக் கோட்பாடு கட்டுவது பெரும்பாடு. அதன் அலகுக் கூடு ஒன்றில் 112 அணுக்கள். எந்த அணு அசைவதால் முனைவு பிறக்கிறது என்று அந்தக் கூட்டத்துக்குள் தேடியவர்கள் களைத்துப்போனார்கள்.

விடிவு போர்க்காலத்தில் வந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது ரேடியோ, ரேடார் கருவிகளின் மின்தேக்கிகளுக்கு மைக்கா தேவைப்பட்டது. ஊரில் காக்காப்பொன் என்று சொல்கிறோமே, அதே அப்பிரகம்தான். உலகச் சந்தைக்கு அதைப் பெரும் அளவில் கொடுத்த நாடு இந்தியா. அன்றைய பிகாரின் கோடர்மாவிலும் சென்னை மாகாணத்தின் நெல்லூரிலும் வெட்டியெடுத்த தகடுகள் கப்பலேறிப் போயின. கடலில் நீர்மூழ்கிக் கப்பல்கள் வேட்டையாடிய அந்த ஆண்டுகளில் மைக்காவுக்கு மாற்று தேடாத நாடில்லை. டைட்டானியம் ஆக்சைடோடு வேறு ஆக்சைடுகளைக் கலந்து சூளையில் சுட்டுப் பார்த்தார்கள். பேரியம் கலந்த கலவை எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. மைக்காவின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 7. டைட்டானியம் ஆக்சைடுக்கு ஏறத்தாழ 100. பேரியம் டைட்டனேட் பீங்கானுக்கோ அது ஆயிரத்தைத் தாண்டியது. அமெரிக்காவில் வெய்னரும் சாலமனும், ஜப்பானில் ஒகாவாவும் வாக்கூவும், சோவியத் நாட்டில் வுல்லும் கோல்ட்மனும் ஒருவரையொருவர் அறியாமலேயே இதைக் கண்டுபிடித்தார்கள்.

இது வெறும் நல்ல மின்காப்புப் பொருள் மட்டுமல்ல, ரோஷல் உப்பைப்போல முனைவைத் திருப்பக்கூடிய ஃபெர்ரோஎலக்ட்ரிக் என்பது போர் முடியும் தறுவாயில் தெளிவானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆர்தர் வான் ஹிப்பெல் குழு இதை 1946இல் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே படிகத்தின் அமைப்பை எக்ஸ் கதிரால் படித்துச் சொல்லியிருந்தார் ஹெலன் மெகா. டப்ளினில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படிகவியல் பயின்று, அப்போது பிரிட்டனில் பிலிப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். 1945இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அவருடைய குறிப்பின்படி, அறை வெப்பநிலையில் பேரியம் டைட்டனேட்டின் கூடு ஒரு பக்கமாகச் சற்றே நீண்ட கனசதுரம். நீட்சி ஒரு சதவீதம்தான்.

கோட்பாட்டாளர்களுக்கு அந்தக் கூடு ஒரு வரப்பிரசாதம். எட்டு மூலைகளில் பேரியம், ஆறு முகங்களின் நடுவில் ஆக்சிஜன், உள்ளே மையத்தில் டைட்டானியம். பக்கத்துக் கூடுகளோடு பங்கிட்டுக்கொள்வதைக் கழித்தால் ஒரு கூட்டுக்கு ஐந்தே அணுக்கள். 112 எங்கே, 5 எங்கே! 120 டிகிரி செல்சியசுக்கு மேல் அது சரியான கனசதுரம். நேர் அயனிகளின் மையமும் எதிர் அயனிகளின் மையமும் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்திருக்கும். அதற்குக் கீழே டைட்டானியம் ஒரு பக்கமும் ஆக்சிஜன் எதிர்ப்பக்கமும் நகர்கின்றன. நகரும் தூரம் ஓர் ஆங்ஸ்ட்ராமில் பத்தில் ஒரு பங்கு அளவு. அந்தச் சிறு விலகலில்தான் முனைவு பிறக்கிறது.

ஐந்தே அணுக்கள் என்றால் அணுவிலிருந்து கணக்கைத் தொடங்கலாமே என்று தோன்றும். ஆனால் வெற்றி பெற்ற வழி நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது.

மாஸ்கோவின் லெபதேவ் இயற்பியல் நிறுவனத்தில்தான் வுல்லும் கோல்ட்மனும் பேரியம் டைட்டனேட்டைச் சோதித்தார்கள். அங்கே இருந்த இளம் கோட்பாட்டாளர் விட்டாலி கின்ஸ்பர்க் 1945இல் அந்த முடிவுகளைக் கையில் எடுத்தார். லெவ் லாண்டாவ் 1937இல் வகுத்திருந்த ஒரு முறை அவருக்குக் கைகொடுத்தது. ஒரு பொருள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும்போது உள்ளே என்ன அசைகிறது என்று கேட்காமல், எந்தச் சமச்சீர் குலைகிறது என்று மட்டும் கேட்பது லாண்டாவின் வழி. குலைந்த அளவைக் காட்ட ஓர் எண் போதும். பொருளின் கட்டிலா ஆற்றலை அந்த எண்ணின் அடுக்குகளால் எழுதலாம். பேரியம் டைட்டனேட்டில் அந்த எண், மின்முனைவு. கின்ஸ்பர்க் ஐந்தாண்டு கழித்து லாண்டாவோடு சேர்ந்து மீகடத்திகளுக்கும் இதே பாணியில் ஒரு கோட்பாடு எழுதினார். மீகடத்திகளைப் பற்றிய பணிக்காக 2003இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பிரிஸ்டலில் டெவன்ஷயர் இதே பாதையை முழுப் படிகத்துக்கும் விரித்தார். அவர் இந்தத் துறைக்குப் புதியவர். அதற்கு முன் லெனார்ட்-ஜோன்சோடு சேர்ந்து திரவங்களின் கோட்பாட்டில் பெயர் பதித்தவர்.

அவருடைய கணக்கின் சாரத்தை ஒரு பல்லாங்குழிப் பலகையால் விளக்கலாம். படிகத்தின் நிலையை ஒரு சோழி என்று வைத்துக்கொள்வோம். சோழி பலகையில் எந்த இடத்தில் இருக்கிறதோ, அதுதான் முனைவின் அளவும் திசையும். பலகையின் மேடுபள்ளம் ஆற்றலைக் காட்டுகிறது. சோழி ஆழமான குழியைத் தேடி விழும். சூடான படிகத்தில் நடுவில் ஒரே குழி. சோழி அங்கேயே கிடக்கிறது, முனைவு பூஜ்யம். குளிரக் குளிரப் பலகையின் வடிவம் மாறுகிறது. நடுக்குழி மேடாகிறது, சுற்றிலும் புதிய குழிகள் ஆழமாகின்றன. எத்தனை குழிகள், எந்தத் திசையில் என்பதைக் கனசதுரத்தின் சமச்சீரே தீர்மானிக்கிறது. முகங்களை நோக்கி ஆறு திசைகள், விளிம்புகளை நோக்கிப் பன்னிரண்டு, மூலைகளை நோக்கி எட்டு.

கணக்கில் சமச்சீர் செய்கிற உதவி பெரிது. முனைவு வலப்பக்கம் இருந்தாலும் இடப்பக்கம் இருந்தாலும் ஆற்றல் ஒன்றுதான். எனவே ஒற்றைப்படை அடுக்குகள் எல்லாம் தாமாகவே விழுந்துவிடுகின்றன. மிஞ்சுவது இரண்டாம், நான்காம், ஆறாம் அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குணகம். அதோடு படிகம் நீள்வதும் சுருங்குவதும் முனைவோடு பிணைந்திருப்பதற்குச் சில உறுப்புகள். குணகங்களின் மதிப்பைச் சோதனை அளவீடுகளிலிருந்து பொறுக்கிப் போட்டார் டெவன்ஷயர். பிறகு இரண்டாம் அடுக்கின் குணகத்தை மட்டும் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் மாறவிட்டார்; மற்றவற்றை அசையாமல் வைத்தார்.

120 டிகிரி அருகே சோழி முகத்தை நோக்கிய குழிக்குத் தாவியது. 5 டிகிரி அருகே விளிம்பை நோக்கிய குழிக்கு. மைனஸ் 90 அருகே மூலையை நோக்கிய குழிக்கு. கேயும் வவுஸ்டனும் கண்ட வரிசை இதுவேதான்.

சமன்பாடு ஏற்கெனவே தெரிந்ததை ஒப்பித்ததோடு நிற்கவில்லை. டெவன்ஷயரின் கணக்கில் 120 டிகிரி மாற்றம் மெல்ல நடப்பதல்ல, ஒரு தாவல். மாற்றத்தை ஒட்டிய சில டிகிரிகளுக்கு நடுக்குழியும் பக்கக்குழிகளும் சேர்ந்தே இருக்கின்றன. அப்படியானால் 120க்குச் சற்று மேலே, முனைவே இல்லாத படிகத்துக்கு வலுவான மின்புலம் கொடுத்தால் சோழி பக்கக்குழிக்குப் போக வேண்டும், மின்புலத்தைக் குறைத்தால் நடுவுக்குத் திரும்ப வேண்டும், எதிர்த்திசையிலும் அப்படியே. மின்புலத்துக்கு ஏற்ப முனைவு மாறுவதைக் காட்டும் வரைபடத்தில் வழக்கமான ஒற்றை வளையத்துக்குப் பதில் இரட்டை வளையம் தெரிய வேண்டும். 1953இல் வால்டர் மெர்ஸ் அந்த இரட்டை வளையத்தைச் சோதனையில் காட்டினார்.

அந்தத் தாவலுக்கு டெவன்ஷயர் சொன்ன காரணம் இன்னும் நுட்பமானது. படிகம் தன் விருப்பப்படி நீள முடிவதால்தான் நான்காம் அடுக்கின் குணகம் எதிர்க்குறி பெறுகிறது, மாற்றம் தாவலாகிறது. அசையவிடாமல் எல்லாப் பக்கமும் படிகத்தைக் கட்டிப்போட முடிந்தால் அதே மாற்றம் மெல்ல நடக்கும் என்றது கணக்கு. 1949இல் இது ஒரு கோட்பாட்டு நுணுக்கமாகத் தோன்றியிருக்கலாம். பீங்கானுக்கு வரும்போது இது மறுபடியும் நம் முன் வந்து நிற்கும்.

இவ்வளவையும் சொன்ன சமன்பாட்டில் டைட்டானியம் எங்கே, ஆக்சிஜன் எங்கே? எங்கும் இல்லை. படிகவியலாளர்களுக்கு இது உறுத்தியது.

பெல் ஆய்வகத்தின் மேசனும் மத்தையாசும் 1948இலேயே ஓர் அணுப் படத்தை முன்வைத்திருந்தார்கள். ஆக்சிஜன் கூண்டுக்குள் டைட்டானியம் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது. மையத்தில் நிற்காமல் ஆறு ஆக்சிஜன்களில் ஏதோ ஒன்றை ஒட்டி உட்காருகிறது. சூடான நிலையில் ஆறு இடங்களுக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருக்கிறது. குளிர்ந்தால் எல்லா டைட்டானியமும் ஒரே பக்கம் சேர்கிறது. மனதில் எளிதாகப் பதிகிற படம். ஆனால் வெப்ப அளவீடு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆறு இடங்களில் அலைந்த அணு ஓரிடத்தில் அடங்கினால் என்ட்ரோபி மோல் ஒன்றுக்குக் கெல்வினுக்கு ஏறத்தாழ 15 ஜூல் குறைய வேண்டும். அளவீட்டில் கிடைத்ததோ அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அலைந்து அடங்கியதற்கான தடயம் அந்த வெப்பக் கணக்கில் தென்படவில்லை.

எம்.ஐ.டி.யின் ஜான் ஸ்லேட்டர் 1950இல் வேறு கோணத்தில் பார்த்தார். இந்தக் கூடுகளை அடுக்கினால் டைட்டானியமும் ஆக்சிஜனும் ஒன்றுவிட்டு ஒன்றாக நேர்கோட்டில் சங்கிலிபோல் வருகின்றன. ஒரு டைட்டானியம் சற்று நகர்ந்தால் அதன் மின்புலம் கோட்டிலுள்ள ஆக்சிஜனைத் தூண்டுகிறது. அது அடுத்த டைட்டானியத்தை இன்னும் நகர்த்துகிறது. சாதாரணப் படிகத்தில் இருப்பதைவிட இந்த அமைப்பில் அத்தகைய தூண்டல் மிக அதிகம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அணுவைத் தன் இடத்தில் பிடித்துவைக்கும் குறுகிய தூர விசையும், அதை இழுத்துச் செல்லும் நெடுந்தூர மின்விசையும் ஏறக்குறைய சமபலத்தில் இழுபறி போடுகின்றன. வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது மிகச் சிறிய வித்தியாசம்.

இந்த இழுபறியை அதிர்வுகளின் மொழியில் சொல்ல இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. 1958இல் மாஸ்கோவில் நடந்த ஒரு மாநாட்டில் பெல் ஆய்வகத்தின் பிலிப் ஆண்டர்சனும், 1959இல் ‘ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் வில்லியம் காக்ரனும் தனித்தனியே ஒரே கருத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

படிகத்தில் அணுக்கள் சும்மா இருப்பதில்லை. சுருள்வில்லில் கட்டியவைபோல் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. டைட்டானியம் ஒரு பக்கமும் ஆக்சிஜன் எதிர்ப்பக்கமும் போய் வருகிற அதிர்வும் அவற்றில் ஒன்று. வெப்பநிலை குறையக் குறைய அந்தக் குறிப்பிட்ட அதிர்வின் வில் மட்டும் தளர்கிறது. அதிர்வெண் இறங்குகிறது. வில் முழுதாகத் தளர்ந்தால் விலகிய அணுவைத் திருப்பிக் கொண்டுவர விசை இல்லை; விலகிய இடத்திலேயே அது உறைந்துவிடுகிறது. அந்த உறைந்த விலகல்தான் மின்முனைவு. ‘மென்மையாகும் அதிர்வு’ என்று இந்தக் கருத்துக்குப் பெயர் நின்றது.

இதை மெய்ப்பிக்கும் அளவீடு 1962இல் ரோஜர் கௌலியிடமிருந்து வந்தது. பேரியம் டைட்டனேட்டின் தம்பி என்று சொல்லத்தக்க ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் நியூட்ரான்களைச் சிதறவைத்து, குளிரக் குளிர அந்த ஓர் அதிர்வின் அதிர்வெண் சரிவதை அவர் நேரடியாகக் காட்டினார். சரிந்த விதமும் முக்கியம். அதிர்வெண்ணின் வர்க்கம் வெப்பநிலையோடு ஏறத்தாழ நேர்விகிதத்தில் குறைந்தது. டெவன்ஷயர் தன் சமன்பாட்டில் மாறவிட்ட ஒரே எண்ணும் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில்தான் குறைந்தது. அணுவைக் கேட்காமல் எழுதிய குணகத்துக்குப் பின்னால் பதின்மூன்று ஆண்டுகளாக ஒளிந்திருந்தது அணுக்களின் ஓர் அதிர்வு!

இந்தக் கருத்தின் வேரைத் தேடிப் போனவர்கள் பெங்களூரில் போய் நின்றார்கள். 1940இலேயே இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. ராமனும் டி. எம். கே. நெடுங்காடியும் குவார்ட்ஸ் படிகத்தைச் சூடாக்கி, அதிலிருந்து சிதறும் ஒளியின் நிறமாலையைப் படமெடுத்தார்கள். குவார்ட்ஸ் 573 டிகிரியில் வடிவம் மாறும். அந்த வெப்பநிலையை நெருங்க நெருங்க நிறமாலையில் 220 அலையெண்ணில் இருந்த ஒரு கோடு மட்டும் மற்றக் கோடுகளைப்போல் இல்லாமல் பரந்து, மங்கி, குறைந்த அதிர்வெண் பக்கமாகச் சரிந்தது. படிகத்தின் வடிவ மாற்றத்துக்கும் இந்த ஓர் அதிர்வுக்கும் தொடர்புண்டு என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். குவார்ட்ஸ் ஃபெர்ரோஎலக்ட்ரிக் அல்ல. ஆனாலும் படிக மாற்றத்தின்போது ஓர் அதிர்வு மென்மையாவதை முதலில் கண்டவர்கள் என்ற பெருமையைப் பின்னாளைய ஆய்வாளர்கள் திருச்சியில் பிறந்த ராமனுக்கும் நெடுங்காடிக்கும் தயங்காமல் கொடுத்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒற்றைப் படிகத்தின் கதை. சூளையிலிருந்து வெளிவருவது ஒற்றைப் படிகம் அல்ல, பீங்கான்.

பேரியம் கார்பனேட்டையும் டைட்டானியம் ஆக்சைடையும் பொடித்துக் கலந்து, அழுத்தி, சுட்டெடுக்கும் வில்லையில் கோடிக்கணக்கான சிறு படிகமணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மணியும் ஒரு திசை பார்க்கிறது. ஒவ்வொரு மணிக்குள்ளும் முனைவு வெவ்வேறு பக்கம் திரும்பிய பகுதிகள். எல்லாவற்றையும் கூட்டினால் முனைவு பூஜ்யம். அப்படியிருக்க அந்த வில்லையால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் ஈரி ரெசிஸ்டர் நிறுவனத்தின் ஆர். பி. கிரே போர் முடிந்த கையோடு இதற்கு விடை கண்டார். வில்லைக்கு வலுவான மின்புலம் கொடுத்தால் மணிகளுக்குள் முனைவு திரும்புகிறது. மின்புலத்தை எடுத்த பிறகும் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது. அழுத்தினால் மின்சாரம் தருகிற, மின்சாரம் தந்தால் அசைகிற பீங்கான் அப்படித்தான் பிறந்தது. இசைத்தட்டுக் கருவியின் ஊசிமுனைக்கு அது வெகு விரைவில் வந்து சேர்ந்தது.

ஆனால் எவ்வளவு திரும்பும்? மணியைச் சுழற்ற முடியாது. மணிக்குள் அனுமதிக்கப்பட்ட ஆறு திசைகளில் மின்புலத்துக்கு மிக நெருக்கமான ஒன்றைத்தான் முனைவு தேர்ந்தெடுக்க முடியும். எல்லா மணிகளிலும் முனைவு முழு மனதோடு திரும்பினாலும் பீங்கானுக்குக் கிடைப்பது ஒற்றைப் படிக முனைவில் 83 சதவீதம்தான் என்கிறது வடிவியல். திசைகள் கூடினால் இந்த விகிதமும் கூடும். 1954இல் அமெரிக்கத் தேசியத் தரநிலைப் பணியகத்தில் ஜாஃபே, ராத், மர்சுல்லோ மூவரும் ஈய சிர்க்கோனேட்டையும் ஈய டைட்டனேட்டையும் ஏறத்தாழ 52க்கு 48 என்று கலந்தபோது வியக்கத்தக்க பீங்கான் கிடைத்தது. அந்தக் கலவையில் முகம் நோக்கிய ஆறு திசைகளும் மூலை நோக்கிய எட்டுத் திசைகளும் கிட்டத்தட்ட ஒரே ஆற்றலில் காத்திருக்கின்றன. மொத்தம் பதினான்கு. பல்லாங்குழிப் பலகையில் குழிகளுக்கு இடையிலான மேடு தாழ்ந்துவிட்ட இடம் அது. சிறிய தூண்டலுக்கும் சோழி உருளும். இன்றும் மருத்துவமனை ஸ்கேன் கருவியின் உணர்முனையில் வேலை பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பீங்கானின் வழித்தோன்றல்கள்தான்.

மணிகள் ஒன்றையொன்று நெருக்குவதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. பேரியம் டைட்டனேட் பீங்கான் செய்தவர்கள் ஒரு புதிரைக் கவனித்திருந்தார்கள். மணிகள் பெரிதாக இருந்தால் அறை வெப்பநிலையில் மின்காப்பு மாறிலி 1,500 – 2,000. மணியின் அளவை ஒரு மைக்ரான் அளவுக்குக் குறைத்தால் அது அதைப்போல் இரண்டு மூன்று மடங்காக உயர்ந்தது. பொருள் அதேதான், மணி மட்டும் சிறிது.

1966இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பூசம், கிராஸ், கோஸ்வாமி மூவரும் இதற்கு விளக்கம் தேடியபோது டெவன்ஷயரின் சமன்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பெரிய மணி 120 டிகிரியைக் கடந்து குளிரும்போது ஒரு சதவீதம் நீள வேண்டும். பக்கத்து மணிகள் இடம் கொடுப்பதில்லை. எனவே அது தனக்குள் செங்குத்தாகத் திரும்பிய பகுதிகளாகப் பிரிந்து நெருக்கடியைத் தணித்துக்கொள்கிறது. மணி மிகச் சிறிதானால் அப்படிப் பிரிவது கட்டுப்படியாகாது. நெருக்கடி முழுவதையும் அது சுமந்துகொண்டிருக்கிறது. எல்லாப் பக்கமும் கட்டிப்போட்ட படிகம் எப்படி நடக்கும் என்று 1949இல் டெவன்ஷயர் எழுதிவைத்தாரே, அந்த நிலையைக் கிட்டத்தட்ட எட்டுகிறது இந்த மணி. அத்தகைய தகைவைச் சமன்பாட்டில் போட்டால் மின்காப்பு மாறிலி உயர்கிறது என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

கணக்கு பொருந்தியது. ஆனால் அதன் அடிப்படையான எடுகோளை எல்லோரும் ஏற்கவில்லை. ஒரு மைக்ரான் மணிக்குள் செங்குத்துப் பகுதிகள் இருக்காது என்றார்கள் பூசம் குழுவினர். 1985இல் ஆர்ல்ட், ஹென்னிங்ஸ், டி வித் மூவரும் அவை இருப்பதை நுண்ணோக்கிப் படங்களோடு காட்டி, மின்காப்பு மாறிலி உயர்வதற்குக் காரணமே அந்தப் பகுதிகளுக்கு இடையிலான சுவர்கள் நெருங்கிவருவதுதான் என்று வாதிட்டார்கள். அதே சமன்பாடு, அதே குணகங்கள். மணிக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் தகராறு.

குணகங்களுக்கும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. டெவன்ஷயர் அவற்றை அளவீட்டிலிருந்து எடுத்தார். புதிய கலவை ஒன்றைச் செய்து, படிகமாக வளர்த்து, அளந்து முடிக்கும்வரை கோட்பாட்டாளர் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். எலெக்ட்ரான்களிலிருந்து தொடங்கி, சோதனைச்சாலைப் பக்கமே போகாமல் அந்த எண்களைக் கணித்துவிட முடியுமா? வாஷிங்டன் கார்னெகி நிறுவனத்தில் ரொனால்ட் கோஹன் 1992இல் டைட்டானியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே எலெக்ட்ரான்கள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்று கணினியில் பார்த்தார். அவர் கண்டதையும், அடுத்த ஈராண்டுக்குள் வாண்டர்பில்ட், ரேப் குழுவினர் பேரியம் டைட்டனேட்டின் மூன்று மாற்றங்களையும் கணினிக்குள்ளேயே சரியான வரிசையில் நிகழ்த்திக் காட்டியதையும் அடுத்த இதழில் பார்ப்போம். வரிசை சரியாக வந்தது. ஆனால் ஏறத்தாழ 400 கெல்வினில் நடக்க வேண்டிய முதல் மாற்றம் கணினியில் 300 கெல்வினை ஒட்டியே நடந்தது. அந்த நூறு டிகிரி எங்கே போனது என்பதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)